கட்டுரையிலிருந்து எடுத்த சொல்

இன்று அலுவலகத்தில் புதிதாக வந்த பெண் ஒருத்தி வெள்ளைப் பலகையில் ஏதோ எழுதிவிட்டு, துணியைத் தேடாமல் உள்ளங்கையின் ஓரத்தாலேயே துடைத்தாள். மார்க்கர் மையின் காரமான மணம் என் மேசை வரைக்கும் வந்தது. வேலையை விட்டுவிட்டு அவளின் கையைப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே நீலக்கறை. எழுந்து போய், "துணி எடுத்துத் துடையுங்கோ பிள்ளை" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பாவம், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கறை உன்னுடையது. இன்னொருத்தியின் கையில் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் அங்கேயும் நீதான். நானும் நீயும் போர்க்காலத்தில் உட்கார்ந்து எழுதிச் சேர்த்த அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில், வெள்ளவத்தை மொழிப்பள்ளியைப் பற்றிய கட்டுரையை யாரோ மாற்றியிருப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. திறந்து பார்த்தேன். 'ஓர் ஆசிரியை' என்று இருந்த இடத்தில் உன் பெயர். நீ போன பிறகு இது எத்தனையோ தடவை நடந்துவிட்டது. வழக்கமாக ஒரு நிமிடமும் யோசிக்காமல் பழையபடி மாற்றிவிடுவேன். இன்று மாற்றவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எனக்கு எதையும் நேரே சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடு கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, என்னை உனக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். நீ கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் தொடங்கிய வசனத்தைச் சிங்களத்தில் முடிப்பாய். எனக்கோ பஸ்ஸை நிறுத்தச் சொல்லக்கூடச் சிங்களம் தெரியாது. ஒருநாள் நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய், நடத்துநர் என்னைப் பார்த்துக் கத்த, நான் அழுகிற நிலையில் நிற்க, பின்னாலிருந்து நீ எழுந்து வந்தாய். உன் மாமாவின் வயது இருக்கும் அந்த மனிதரை 'மல்லி' என்று கூப்பிட்டாய். தம்பி என்றாய்! அவர் ஒரு கணம் திகைத்தார், பிறகு சிரித்துவிட்டார். அது உன் வித்தை. வயது வித்தியாசமே பார்க்கமாட்டாய். கோபமாக இருக்கிறவன் எவனானாலும் உனக்குத் தம்பிதான்.

அன்றிலிருந்து கொழும்பில் என் வாய் நீதான். தபாற்கந்தோர், மின்சாரக் கந்தோர், ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் நீ வந்தாய். பிறகு நானும் அம்மாவும் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றுக்கு மாறி, நான் புறக்கோட்டையில் ஒரு கப்பல் சரக்கு முகவரிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதுதான் நிலைமை. தமிழர் என்றால் பொலிசில் போடவேண்டிய பதிவு, அதைப் புதுப்பித்தல், வீட்டுச் சோதனை, வீதிச் சோதனை, அவ்வளவுக்கும் நீ. "இவ்வளவு காலமா இருக்கிறாய், நாலு வசனம் படியன்" என்று திட்டிக்கொண்டே வருவாய். நான் படிக்கவில்லை. சோம்பேறி என்று நினைத்தாய். சோம்பேறித்தனம் இல்லையடி. நான் படித்துவிட்டால் நீ என்னோடு வரவேண்டிய தேவை இல்லாமல் போய்விடும். அதற்காகவே நான் ஊமையாக இருந்தேன், சந்தோசமாக இருந்தேன்.

அந்தச் சந்தோசத்தில் மண்ணைப் போட்டது அந்த மொழிப்பள்ளி.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி. வாசலில் பெரிய பெயர்ப்பலகை, 'கொழும்பு, யாழ்ப்பாணம், லண்டன்' என்று. உள்ளே போனால் நாலு அறையும் ஒரு மின்விசிறியும். நடத்தியவரை எல்லோரும் 'சேர்' என்றே கூப்பிட்டார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் முன்னறைகளில். பின்னறையில், ரயில் போகும்போதெல்லாம் யன்னல் அதிரும் அந்த அறையில், நீ சிங்களம் கற்பித்தாய். படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த வடக்குப் பிள்ளைகள். விசா வரும் என்று நம்பியவர்கள் பிரெஞ்சு படித்தார்கள். வராது என்று தெரிந்துகொண்டவர்கள் உன்னிடம் வந்தார்கள்.

எனக்கு மட்டும் சொந்தமாயிருந்த உன் சிங்களத்தை நீ ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தாய். எனக்கு வயிறு எரிந்தது. மென்மையாகச் சொல்ல வேறு சொல் இல்லை, தேடவும் மாட்டேன். வேலை முடிந்து வந்து ஒழுங்கை முனையில் காத்துக்கொண்டு நிற்பேன். உன் வகுப்பு முடிந்து அவர்கள் இரண்டு பேராக, மூன்று பேராக, இடைவெளி விட்டு இறங்குவார்கள். கூட்டமாக இறங்கினால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று சேர் போட்ட ஒழுங்கு அது. மாணவர் பெயர் எழுதும் இடாப்புக்கூட இல்லை. பெயர் எழுதினால் அந்தத் தாள் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாத காலம். கடைசியாக நீ வருவாய், கையில் நீலக்கறையோடு, உன்னோடு கதைத்துக்கொண்டு இன்னும் ஒருத்தியும் வருவாள். துளசி.

கிளிநொச்சிப் பிள்ளை. பத்தொன்பது இருபது வயதிருக்கும். தகப்பனும் தாயும் அங்கே, அவள் இங்கே லொட்ஜில், நோர்வேயிலிருக்கும் தமையன் கூப்பிடுவான் என்று காத்துக்கொண்டிருந்தாள். உன் குடையை அவள்தான் பிடித்துக்கொண்டு வருவாள். நாங்கள் இருவரும் மீன் பணிஸ் தின்று பிளேன்ரீ குடிக்கப் போகும் கடைக்கு ஒருநாள் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தாய். "பாவம், தனிய நிக்குது" என்றாய். நான் அன்று பணிஸ் வேண்டாம் என்றேன். நீ அதைக் கவனிக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிறகு அந்தப் பொலிஸ் பதிவு வந்தது. வழக்கம்போல நீ வருவாய் என்று காலையில் வெளிக்கிட்டு நின்றேன். வாசலில் துளசி. "அன்ரி, மிஸ்ஸுக்கு இண்டைக்கு வகுப்பு விடேலாதாம். என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவ."

அன்ரி! எனக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

வழி முழுக்க நான் அவளுக்கு இரண்டடி முன்னால் நடந்தேன். பொலிஸ் நிலையத்தில் மீசை வைத்த ஒரு பெரியவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். என் அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஏதோ உரத்துக் கேட்டார். துளசி ஓரடி முன்னே போய், தலையைக் கொஞ்சம் சரித்து, தன் தகப்பனிலும் மூத்த அந்த மனிதரைப் பார்த்து, "மல்லி" என்றாள்.

அது உன் வித்தை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. சோதனைச்சாவடியில் இப்படித்தான் கூப்பிடவேண்டும் என்று உன்னிடமிருந்து அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பெரியவர் மேசையில் கையடித்துச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எங்கள் வேலை உடனே முடிந்தது. துளசி கடகடவென்று கதைத்தாள். வசனத்தின் நடுவில் நீ விடும் அந்தச் சின்ன மூச்சு, முடிவில் நீ தூக்கும் அந்த இழுவை, எல்லாம் இருந்தது. உன் குரல் இன்னொருத்தியின் வாயிலிருந்து வந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்த என்னிடம் உன் ஒரு சொல்லும் இல்லை. ஆறு மாதம் படித்தவளிடம் முழுதாக இருந்தது.

அன்று பின்னேரமே கணினியின் முன்னால் உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் கலைக்களஞ்சியக் கதையைச் சொல்லவேண்டும். அதில் முதலில் எழுதத் தொடங்கியவள் நான். தமிழில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், பிழைவிட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் வந்து திருத்துவார் என்று உனக்குச் சொல்லி, என் வீட்டுக் கணினியில் இருத்திப் பழக்கியதும் நான். கொழும்புத் தெருக்கள், கோயில்கள், பழைய அச்சகங்கள் என்று தொடங்கினோம். கொஞ்சக் காலத்தில் நீ என்னை முந்திவிட்டாய். அங்கே இருந்தவர்கள் சந்தேகம் வந்தால் உன்னைத்தான் கேட்டார்கள். எந்த வசனத்தைக் காட்டினாலும் நீ ஒரே கேள்விதான் கேட்பாய்: "ஆர் சொன்னது?" எனக்குத் தெரியும் என்று நான் சொன்னால், "உனக்குத் தெரியும் எண்டது சான்றில்லை" என்பாய். என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு.

மொழிப்பள்ளிக்கும் ஒரு கட்டுரை வேண்டும் என்று உனக்கு ஆசை. ஆனால் நீ கையே வைக்கமாட்டாய். "நான் அங்க சம்பளம் எடுக்கிறனான். நான் எழுதினா அது கட்டுரையில்லை, விளம்பரம். நீ எழுது. நீ வெளி ஆள்." வெளி ஆள் என்று சொன்னதற்காகவே நான் மாதக்கணக்கில் எழுதாமல் இழுத்தடித்தேன். பொலிஸ் நிலையத்திலிருந்து வந்த அன்று பின்னேரம், ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

'இப்பள்ளியின் படிக்கட்டு ஒடுக்கமானது. பெயர்ப்பலகையில் மூன்று நகரங்கள் குறிப்பிடப்பட்டிருப்பினும் கட்டடம் ஒன்றே உள்ளது. ரயில் செல்லும்போது கற்பித்தல் தடைப்படும். மாணவர்களிற் பலர் பாடநெறியை முடிக்காமலே வெளிநாடு செல்கின்றனர்.' இப்படியே ஒரு பக்கம். ஒரு பெயரடை இல்லை, ஒரு குற்றச்சாட்டு இல்லை. நீ வந்து பார்த்தாய். வாசிக்க வாசிக்க உன் தோள் குலுங்கியது. அழுகிறாயோ என்று பயந்துவிட்டேன். சிரித்திருக்கிறாய்.

"ஒவ்வொரு வசனமும் உண்மை" என்றாய். "எல்லாம் சேர்ந்து பொய்."

"எது பொய்? படி ஒடுக்கமில்லையோ?"

"வாழ்த்துறது மட்டும்தான் பக்கச்சார்பெண்டு நினைக்கிறியோ? வையிறதும் பக்கச்சார்புதான். உனக்கு என்னடி செய்தது எங்கட பள்ளிக்கூடம்?"

எங்கட. அந்தச் சொல்லை நீ கவனிக்காமல் சொன்னாய். நான் குசினிக்குப் போய், அம்மாவோடு சேர்ந்து கீரை ஆய்ந்தேன். நீ பின்னால் வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றாய். "படியை விடு. அங்க என்ன படிப்பிக்கினம், எப்ப தொடங்கினது, ஆர் சொன்னது. அவ்வளவும் போதும். பிடிச்சாலும் எழுதலாம், பிடிக்காட்டியும் எழுதலாம், அப்பிடி எழுது." திட்டிக்கொண்டே எழுதினேன். நாலு வசனம் மிஞ்சியது. உலர்ந்த, உப்புச்சப்பில்லாத நாலு வசனம். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. உன் பள்ளிக்கூடம் என் கையால் நாலு வசனமாகச் சுருங்கிவிட்டது அல்லவா.

சேர் சும்மா இருப்பாரா? கட்டுரை வந்தது காதில் விழுந்ததும் யாரோ ஒரு பிள்ளையைப் பிடித்து, துண்டுப்பிரசுரத்தில் இருந்ததை அப்படியே ஏற்றுவித்துவிட்டார். 'இலங்கையின் தலைசிறந்த', 'உலகத் தரம் வாய்ந்த', 'நூறு வீதம் வெற்றி'. நான் ஒவ்வொன்றாகக் களை பிடுங்கினேன். அவர் உன்னைக் கூப்பிட்டு, "உம்முடைய சினேகிதி எங்கட பேரைக் கெடுக்கிறா" என்றாராம். நீ என்ன சொன்னாய்? "சேர், அது நோட்டீஸ் ஒட்டுற மதில் இல்லை." கிழமைக்கணக்கில் அவர் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீ அதை வருத்தமாகச் சொன்னாய். நானும் முகத்தை வருத்தமாகத்தான் வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் வெடி கொளுத்தினேன்.

அப்போதுதான் நீக்கல் அறிவித்தல் வந்தது. களஞ்சியத்தில் எழுதும் வேறொருவர், எங்களை முன்பின் தெரியாதவர், இந்தப் பள்ளியைப் பற்றி வெளியார் யாரும் எழுதியதாகச் சான்று இல்லை, சான்று கிடைக்காவிட்டால் கட்டுரை அகற்றப்படும் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது நியாயம். நான் துள்ளிக் குதித்திருக்கவேண்டும். ஆனால் நீ அந்த அறிவித்தலைத் திரும்பத் திரும்ப வாசித்தாய். சமாதானப் பேச்சு முறிந்து, லொட்ஜுகளில் தங்கவும் இடம் கிடைக்காமல், வகுப்பில் பாதிப் பேர் வராமல் போன நாட்கள் அவை.

"இந்தப் பள்ளிக்கூடம் கனகாலம் இராது" என்றாய். "இடாப்பில்லை, படமில்லை. பூட்டினாப் பிறகு, நாங்கள் இஞ்ச இருந்தனாங்கள் எண்டு ஆருக்கு எதைக் காட்டுறது?"

நான் அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். பள்ளிக்காக இல்லை. உன் முகத்துக்காக. பழைய தமிழ்ப் பத்திரிகைகளை நாட்கணக்கில் புரட்டினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம் என்று இருந்தபோது, சேரின் படத்தோடு கால் பக்கச் செய்தி ஒன்று கிடைத்தது. பிரதி எடுத்துக்கொண்டு ஓடி வந்து, வெற்றி பெற்றவள்போல உன் முன்னால் வைத்தேன்.

நீ வாசித்தாய். சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாய்.

"இது சேர் எழுதினது. வசனம் திருத்திக் குடுத்தது நான். விளம்பரத்தோட செய்தியும் எழுதிக் குடுத்தா அவை அப்பிடியே போடுவினம், உனக்குத் தெரியாதே? இது வெளி ஆள் எழுதினதில்லை."

"ஆருக்குத் தெரியும் உது?"

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சது சான்றில்லை எண்டுதானே சொல்லுவாய்!"

"சேர்க்கிறதுக்குத்தான் அது போதாது" என்றாய். "விடுறதுக்குப் போதும்."

உன் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றக் கூடிய ஒரேயொரு தாளை நீயே மடித்து என்னிடம் திருப்பித் தந்தாய். தந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். எனக்கோ, ஐயோ, அன்று ரயில் பாதையில் இறங்கி ஆடவேண்டும்போல இருந்தது. அந்தப் பள்ளிக்கும் நான் உனக்குக் காட்டிய களஞ்சிய வேலைக்கும் நடுவில், நீ என் பக்கம் நின்றாய். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். நீ எந்தப் பக்கமும் நிற்கவில்லை என்பது எனக்கு விளங்க வெகுகாலம் எடுத்தது.

கடைசியில் வழி காட்டியதும் நீதான். முன்பொருநாள் ஒரு சிங்களப் பத்திரிகைக்காரர் வந்து வகுப்பின் பின்வாங்கில் இருந்துவிட்டுப் போனாராம். போட்டாரோ இல்லையோ தெரியாது. இருவரும் ஒரு சனிக்கிழமை நூலகத்தில் போய் இருந்தோம். நீ வாசித்துத் தள்ளினாய். நான் படம் பார்த்தேன். எனக்கு வேறென்ன தெரியும்? பின்னேரம் நூலகம் பூட்டப்போகும் நேரத்தில் உன் விரல் ஓரிடத்தில் நின்றது. மெல்லிய குரலில் எனக்குத் தமிழில் சொன்னாய். வெள்ளவத்தையின் ஒரு மாடியறையில் தமிழர்கள் சிங்களம் படிக்கிறார்கள். பள்ளியின் பெயர் இருந்தது. முதல் பாடம் 'எங்கே போகிறாய்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. கற்பிப்பவர் ஓர் ஆசிரியை. புகழ்ச்சி இல்லை, ஏளனம் இல்லை. ஒரு மனிதர் வந்து பார்த்ததை எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

"ஓர் ஆசிரியையா? உன்ர பேர் எங்க?"

"போடவேண்டாம் எண்டு நான்தான் கேட்டனான். பேர் வந்தா, உம்மட்டப் படிக்கிற பிள்ளையள் ஆர், எங்க இருக்கினம் எண்டு வந்து கேப்பினம். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

கட்டுரை தப்பியது. ஐந்தாவது வசனமாக 'ஓர் ஆசிரியை' அதில் ஏறினாள். நீ சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். அவள் யார் என்று எழுத்தில் எங்கேயும் இல்லை. களஞ்சியத்தைப் படிக்கும் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இரண்டு சொல்லையும் பார்க்கும்போதெல்லாம் பெட்டிக்குள் பூட்டி வைத்த நகையைப் பார்ப்பதுபோல இருக்கும் எனக்கு.

அதே வருடம் துளசிக்கு நோர்வே சரிவந்தது, அவள் போனாள். நீ விமான நிலையம் வரை போனாய். நான் தலைவலி என்று சொல்லிவிட்டேன். பள்ளியும் நீ சொன்னதுபோலவே பூட்டப்பட்டது. இப்போது அந்த இடத்தில் உயரமான ஒரு தொடர்மாடி நிற்கிறது, கீழே துணிக்கடை. போர் முடிந்தது. உனக்கு நோய் வந்தது. அதைப்பற்றி இங்கே எழுதமாட்டேன். அது உனக்கும் எனக்கும் தெரிந்தது, போதும்.

உன் செத்தவீட்டில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் அன்றே சொல்லித் தீர்த்திருப்பேன். எங்கிருந்தெல்லாம் வந்தார்கள் உன் பிள்ளைகள்! வரமுடியாதவர்கள் தொலைபேசியில் அழுதார்கள். கட்டிலில் கிடந்த உன் கையை ஆளாளுக்குப் பிடித்தார்கள். நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக என்னிடம் கேட்டாள்: "நீங்கள் மிஸ்ஸுக்கு என்ன முறை?"

"தெரிஞ்ச ஆள்" என்றேன்.

அதன் பிறகு தொடங்கியது அந்தத் தொல்லை. கனடாவிலிருந்து ஒருவர், பிரான்சிலிருந்து ஒருவர், கட்டுரைக்குள் வந்து 'ஓர் ஆசிரியை'யை அழித்துவிட்டு உன் பெயரை எழுதுவார்கள். 'எங்கள் தெய்வம்', 'ஈடு இணையற்ற மிஸ்'. நான் பின்னாலேயே போய் அழிப்பேன். 'சான்று தேவை.' அவர்கள் உரையாடல் பக்கத்தில் வந்து சண்டை பிடிப்பார்கள். "நான் அவரிடம் படித்தேன், எனக்குத் தெரியாதா?" உங்களுக்குத் தெரிந்தது சான்றில்லை என்று எழுதுவேன். ஒருவர், 'இந்தத் தொகுப்பாளருக்கு எங்கள் ஆசிரியைமேல் ஏதோ பொறாமை' என்று எழுதினார். அவள்மேல் இல்லையடா மடையா, உங்கள்மேல் என்று எழுதக் கை துடித்தது. கொள்கைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு விட்டேன்.

சட்டம் என் பக்கம் இருந்தது. மனமும் அதே பக்கம் இருந்தது, அதுதான் அதில் அழகு. நானே உன்னைப்பற்றி ஒரு பத்திரிகையில் நினைவு எழுதி, பெயரையும் போட்டு, அதைச் சான்றாகக் காட்டலாமே என்று ஒருமுறை யோசித்தேன். "உன்ர எழுத்துக்கு நீயே சான்றோ?" என்று நீ கேட்பது காதில் கேட்டது. இந்த மடலையும் யாராவது எங்கேயாவது அச்சில் போட்டால் போடட்டும். இதில் உன் பெயரை ஓரிடத்திலும் நான் எழுதவில்லை. யாரும் இதை எடுத்துக்கொண்டு போய் மேற்கோள் காட்ட முடியாது. நான் உனக்கு வெளி ஆள் இல்லை.

இனி இன்று நடந்ததற்கு வருகிறேன்.

மாற்றியிருந்தது துளசி. சொந்தப் பெயரிலேயே கணக்குத் திறந்திருக்கிறாள். 'எங்கள் ஒப்பற்ற ஆசிரியை' என்று எழுதி, உன் பெயரைப் போட்டு, கீழே ஒரு சான்றும் சேர்த்திருந்தாள். அவள் வாழும் ஊரின் நூலகம், புலம்பெயர்ந்து வந்தவர்களின் நினைவுகளைத் தொகுத்து அச்சிட்ட ஒரு நூல். தொகுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். தமிழர்கூட இல்லை. அவளின் கட்டுரை தமிழிலும் அவர்கள் மொழியிலும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. பக்க எண்ணோடு பிரதியும் இணைத்திருந்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் திறந்தேன். ஒளிக்கவில்லை.

உன் பெயர் முழுதாக, சரியான எழுத்தில் இருந்தது. பின்னறை இருந்தது, ரயில் இருந்தது, இரண்டு பேராக இறங்கியது இருந்தது. சேர் சிங்கள வகுப்பை நிறுத்தப் பார்த்ததும், நீ சம்பளம் இல்லாமல் தொடர்ந்ததும் இருந்தது. அது எனக்கே தெரியாது. பிறகு அந்தப் பொலிஸ் நிலையம் வந்தது. மீசைக்காரரை அவள் 'மல்லி' என்றதை எழுதிச் சிரித்திருந்தாள். 'மிஸ்ஸின் தோழி ஒருவருக்காக அன்று போனேன்' என்று எழுதியிருந்தாள். என் பெயர் இல்லை. நான் வெறும் 'தோழி ஒருவர்'. சரிதான், 'ஓர் ஆசிரியை'போல எனக்கும் அது வந்து சேர்ந்ததே என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன்.

'நான் தனியாகப் பொலிசுக்குப் போகப் பயந்தேன். மிஸ் சொன்னா: எனக்கெண்டு இருக்கிறது அவள் ஒராள்தான். அவளுக்கு வாய் இல்லை. கவனமாக் கூட்டிக்கொண்டு போய்க் கவனமாத் திருப்பிக் கொண்டுவந்து விடு. நீ சரியாக் கதைச்சாத்தான் நான் அவளை இனி இன்னொராளோட நம்பி அனுப்பலாம்.'

ஆர் சொன்னது? துளசி சொன்னாள். அச்சில், பக்க எண்ணோடு. வெளி ஆட்கள் தொகுத்த நூலில்.

நான் கதிரையை விட்டு எழுந்து யன்னலுக்குப் போனேன். கடலோர ரயில் போனது. திரும்பி வந்து இன்னும் ஒருமுறை வாசித்தேன். இத்தனை வருடம் எனக்கு அது தெரியாது. நீ என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், பகிடி விடாதே என்றிருப்பேன், சான்று கேட்டிருப்பேன். அதை அவளிடம் சொல்லியிருக்கிறாய். அவளிடம்! இப்போதுகூட எனக்கு அதில் எரிச்சல்தான். ஆனால் எரிந்துகொண்டே சிரித்தேன். முகமெல்லாம் ஈரம்.

சான்று நல்ல சான்று. உன் பெயர் இருக்கட்டும். 'ஓர் ஆசிரியை' என்ற என் இரண்டு சொல்லும் போய்விட்டன. இனி நீ எல்லோருக்கும் பொது. நான் ஒன்றை மட்டும் திருத்தினேன். 'ஒப்பற்ற' என்பதை எடுத்துவிட்டேன். துளசி கோபிப்பாள், கோபிக்கட்டும். நடுநிலைக் கட்டுரையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை, யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நீயே இருந்திருந்தால் எனக்கு முன்னால் எடுத்திருப்பாய்.

எடுத்ததை அவளிடம் திருப்பிக் கொடுக்கமாட்டேன். இந்த மடலுக்குச் சான்று தேவையில்லை. ஒப்பற்றவளே, அந்தச் சொல் என்னிடம் இருக்கிறது.